மதுரையிலிருந்து இரண்டு இரவு: பாம்பனா, மன்றோ துருத்தா, ஃபோர்ட் கொச்சியா?

மதுரையிலிருந்து கடல் ஒன்றும் தூரமில்லை. கிழக்கே தொண்டி, தென்கிழக்கே ராமேஸ்வரம், தெற்கே திருச்செந்தூர். ஆனாலும் நம்ம ஊர்க்காரர்கள் ஓய்வெடுக்க என்று கடலோரம் போவது குறைவு. திதி கொடுக்கப் போவோம், மொட்டை போடப் போவோம், நேர்த்திக்கடன் செலுத்தப் போவோம். விடிவதற்கு முன்னால் வேன் ஏறி, ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுப் படியேறி, மறுநாள் வேலைக்குப் போகும்போது உடம்பெல்லாம் வலிக்கும். போனதில் புண்ணியம் கிடைத்திருக்கும், ஓய்வு கிடைத்திருக்காது.

இங்கே நான் பேசுவது ஓய்வுக்கான பயணம் மட்டும். இரண்டு இரவு தங்கல். சுற்றிலும் தண்ணீர் இருக்கிற ஒரு சின்ன ஊர். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் அன்றைக்கே போய்ச் சேர வேண்டும். இப்படி வைத்துக்கொண்டால் லட்சத்தீவும் அந்தமானும் கழிந்துவிடும். லட்சத்தீவுக்கு முன் அனுமதி வாங்கிக் கொச்சிக்குப் போய்க் கப்பலோ விமானமோ பிடிக்க வேண்டும். அந்தமானுக்கு ஒரு வாரமாவது விடுப்பு வேண்டும். மிஞ்சுவது மூன்று: நம்ம பாம்பன் தீவு, கொல்லத்துக்குப் பக்கத்தில் மன்றோ துருத்து, அப்புறம் கொச்சியில் ஃபோர்ட் கொச்சியும் எதிர்க்கரை வைப்பின் தீவும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான மதுரைக் குடும்பங்களுக்குப் பாம்பன் தீவுதான் சரி. ஆனால் ராமேஸ்வரம் கோயில் வாசலில் அறை எடுக்காமல், பாம்பன் அல்லது தங்கச்சிமடம் பக்கம் தங்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே பழகிப்போன யாத்திரை ஓய்வாக மாறிவிடும். மற்ற இரண்டும் குறிப்பிட்ட சிலருக்கு, குறிப்பிட்ட மாதங்களில், இதைவிட நன்றாக அமையும்.

எந்த ஊர் என்பதற்கு முன்னால் எந்த மாதம் என்று பார்த்துவிட வேண்டும். நமக்குக் குடும்பத்தோடு விடுமுறை வாய்ப்பது அரையாண்டுத் தேர்வு முடிந்த டிசம்பர் கடைசி வாரம். மூன்று இடத்துக்குமே அது ஆகாத வாரம். ராமேஸ்வரத்தில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போகிற ரயிலும் சாலையும் கார்த்திகை தொடங்கி மகரவிளக்கு வரை அவர்களால் நிரம்பி வழியும். ஃபோர்ட் கொச்சியில் டிசம்பர் 31 நள்ளிரவில் பாப்பாஞ்ஞி என்ற பிரம்மாண்டமான கிழவர் பொம்மையை எரித்துப் புத்தாண்டை வரவேற்பார்கள். அதைப் பார்க்க வரும் கூட்டத்தில் நிற்கவே இடம் கிடைக்காது, அறை வாடகையும் ஏறிவிடும். கிழக்குக் கரையில் புயல் பயமும் அப்போது முழுதாக விலகியிருக்காது. தனுஷ்கோடியை அழித்த 1964-ஆம் ஆண்டுப் புயல் வந்தது டிசம்பர் 22, 23 தேதிகளில்தான்.

பொங்கல் கழிந்த பிறகு, தை நடுவிலிருந்து மாசி முடியும் வரை மூன்று ஊரும் நன்றாக இருக்கும். வெயில் ஏறியிருக்காது, மழை விட்டிருக்கும். ராமேஸ்வரத்துக்கு மட்டும் காலண்டரை எடுத்துத் தை அமாவாசையையும் மகா சிவராத்திரியையும் தள்ளி வைத்துவிடுங்கள். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசைக்கும் இதேதான். அந்த நாட்களில் தீவுக்குள் வண்டி நுழையவே நேரமாகும். மகாளய அமாவாசை காலாண்டு விடுமுறையை ஒட்டி வருவதால் பலர் தெரியாமல் போய்ச் சிக்கிக்கொள்கிறார்கள். காலாண்டு விடுமுறைக்கு மன்றோ துருத்து பொருத்தம். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து ஊரே கழுவிவிட்ட மாதிரி பச்சையாக இருக்கும்.

மே மாதத்தில் கொச்சியில் புழுக்கம் தாங்காது. பாம்பனில் வெயில் சுட்டாலும் காற்று இருக்கும், நுங்கும் பதநீரும் கிடைக்கும். மீன் சாப்பிடவே போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்ம கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப் படகு மீன் வரும், ஆனால் வரத்து குறைந்து விலை ஏறியிருக்கும். கேரளத்தில் அந்தத் தடை ஜூன் இரண்டாம் வாரம் தொடங்கி ஜூலை முடிய.

சரி, பாம்பனுக்கு வருவோம்.

மாட்டுத்தாவணியிலிருந்து மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். பஸ்ஸில் நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். நான் ரயிலைத்தான் சொல்வேன். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நின்றுபோனது. அதன் பிறகு ரயில்கள் மண்டபத்தோடு நின்றன. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்ததும் மறுபடி தீவுக்குள் ரயில் போகிறது. பழைய பாலத்தில் கப்பல் வந்தபோது நடுப்பகுதி இரண்டு இறக்கைகளாகப் பிரிந்து மேலே எழுந்தது. புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே கிடைமட்டமாக மேலே ஏறுகிறது.

மண்டபம் தாண்டியதும் ரயில் வேகத்தைக் குறைக்கும். அதுவரை செல்போனில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள். தண்டவாளத்துக்குக் கீழே தரை தெரியாது, பச்சையும் நீலமுமாகத் தண்ணீர் மட்டும்தான். காற்று காது அடைக்கிற மாதிரி அடிக்கும். இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான இந்தப் பாலத்தைக் கடக்கிற சில நிமிடங்களை மற்ற இரண்டு ஊர்ப் பயணங்களாலும் தர முடியாது. இங்கே பாதி ஓய்வு போகும்போதே தொடங்கிவிடுகிறது.

தீவுக்கு இரண்டு பக்கமும் வேறு வேறு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல் என்று அங்கே சொல்வார்கள். வடக்கே ஆழம் குறைவு, பெரும்பாலும் அலை அடங்கிக் கிடக்கும். தெற்கே அலை பெரிது. ஆனால் காற்று மாறினால் கதை மாறும். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்கு அமைதியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்தால் வடக்கில் கலக்கம், தெற்கில் அமைதி. தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் தீவு குறுகலாக இருப்பதால் காலையில் ஒரு கடல், மாலையில் இன்னொரு கடல் என்று சாவகாசமாக மாற்றி மாற்றிப் போய் உட்காரலாம். அங்கே தங்கச் சொல்வதற்கு எனக்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் தூக்கம். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் விடியற்காலை நாலு மணிக்கே ஊர் எழுந்துவிடும். ஸ்படிக லிங்க தரிசனத்துக்குப் போகிறவர்கள், வந்து இறங்கும் வேன்கள், தீர்த்தமாட அழைக்கும் குரல்கள். யாத்திரை வந்தவர்களுக்கு அந்தப் பரபரப்பே பக்தி. ஓய்வுக்கு வந்தவர்களுக்கு அது ஆகாது. பாம்பன் பக்கம் தென்னையும் பனையுமாக, மீன்பிடிக் கிராமங்களுக்கு நடுவில் சின்னச் சின்ன விடுதிகளும் வீட்டோடு சேர்ந்த தங்குமிடங்களும் இருக்கின்றன. சமையலில் மீன் இருக்கும். கோயிலடியில் பெரும்பாலும் சைவ ஓட்டல்கள்தான். அறைகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். எங்கே போனாலும் ஆட்டோ வேண்டும். சில இடங்களில் குழாய்த் தண்ணீர் உவர்க்கும், தலைமுடி கொஞ்சம் பிசுபிசுக்கும். இவ்வளவுதான் குறை.

இனி முக்கியமான விஷயம், கோயில். ராமேஸ்வரம் வரை போய்விட்டுச் சாமி கும்பிடாமல் வர வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கவும் வேண்டாம். ஆனால் 22 தீர்த்தத்திலும் நீராடுவதா, தரிசனம் மட்டும் செய்வதா என்பதைக் கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். தீர்த்தமாடுவது என்றால் முதலில் அக்னி தீர்த்தக் கடலில் முழுக்கு, பிறகு ஒவ்வொரு கிணறாக வரிசையில் நின்று வாளித் தண்ணீர், அப்புறம் ஈரத்துணி மாற்றிக்கொண்டு தரிசனம். ஈரத்தோடு சன்னதிக்கு விடமாட்டார்கள். அரை நாள் இதிலேயே போகும். வழி முழுக்கத் தரை நனைந்திருப்பதால் முட்டி வலிக்காரர்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டியிருக்கும். தரிசனம் மட்டும் போதும் என்றால் சாயங்காலம் நடை திறந்ததும் போய், மூன்றாம் பிராகாரத்தை நிதானமாக ஒரு சுற்று சுற்றலாம். சுமார் 1200 தூண்கள் இரு பக்கமும் வரிசை கட்டி நிற்கிற அந்த நடைக்குள் வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் குளுமையாக இருக்கும். அந்த நடை ஒன்றே மனத்தை அமர்த்திவிடும்.

பாம்பன் பக்கம் தங்கினால் குந்துகாலை விட்டுவிடாதீர்கள். தீவின் தெற்குக் கரையில் அமைதியான இடம். விவேகானந்தர் மேலைநாட்டுப் பயணம் முடிந்து 1897 ஜனவரி 26 அன்று வந்து இறங்கியது இங்கேதான், ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். நினைவு மண்டபம் இருக்கிறது. எதிரே குருசடைத் தீவு தெரியும். மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அதுவும் ஒன்று. சூரியன் இறங்குகிற நேரத்தில் இங்கே வந்து உட்கார்ந்தால் வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இறங்கிக் குளிப்பதற்கு நல்ல கடற்கரை தீவுக்குள் குறைவு. பிள்ளைகள் கடலில் ஆட வேண்டும் என்றால் தீவை விட்டு வெளியே வந்து உச்சிப்புளி பக்கத்து அரியமான் கடற்கரைக்குப் போவது நல்லது. ஆழமில்லாத பெண்கடல், கரையில் சவுக்குத் தோப்பு நிழல். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் தண்ணீரில் இறங்கவே கூடாது, இரண்டு கடலும் சேருகிற இடம், நீரோட்டம் இழுத்துவிடும். கரையோரக் குப்பையும் கண்ணில் படும். இவ்வளவு அழகான கடலுக்குப் பக்கத்தில் பாலித்தீன் பைகள் கிடப்பதைப் பார்க்க வருத்தமாகத்தான் இருக்கிறது.

அடுத்தது மன்றோ துருத்து. கல்லடை ஆறு அஷ்டமுடிக் காயலில் கலக்கிற இடத்தில் உள்ள தீவுக் கூட்டம். திருவிதாங்கூரில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக (ரெசிடெண்ட்) இருந்த கர்னல் மன்றோவின் பெயரில் வழங்குகிறது. திருமங்கலத்தில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை, தென்மலை, புனலூர் என்று கொல்லம் வரை போகிறது. வழியில் குண்டறையில் பிரிந்தால் தீவுக்குப் போய்விடலாம். ரயில் என்றால் மதுரை–குருவாயூர் எக்ஸ்பிரஸ் இதே மலைவழியாகக் கொல்லம் போகிறது. தென்மலைக்கு அருகே 1904-இல் ரயில் வந்த காலத்துப் பதிமூன்று கண் பாலத்தின் மேல் ஏறும்போது பகல் வெளிச்சம் இருந்தால் அதிர்ஷ்டம். கொல்லத்திலிருந்து உள்ளூர் ரயிலில் மன்றோதுருத்து நிலையத்திலேயே இறங்கலாம்.

இங்கே பார்க்க வேண்டிய இடம் என்று தனியாக எதுவும் கிடையாது. அதுதான் இதன் பெரிய பலம். காலையில் ஆறு மணிக்குச் சின்ன வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தால், மூங்கில் கழியை ஊன்றி ஊன்றித் தள்ளிக்கொண்டே வாய்க்கால்களுக்குள் கூட்டிப்போவார்கள். என்ஜின் சத்தம் இல்லை. கழி தண்ணீரில் இறங்குகிற சத்தம், மீன்கொத்தி, யாரோ பாத்திரம் துலக்குகிற ஒலி, இவ்வளவுதான் காதில் விழும். வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டிருக்கும் நடைபாலங்கள் சில இடங்களில் அவ்வளவு தாழ்வு. அங்கே எல்லோரும் குனிந்து, சில சமயம் மல்லாந்து படுத்துத்தான் கடக்க வேண்டும். கண்டல் மரங்கள் இரண்டு பக்கமும் வளைந்து கூடாரம் போட்டிருக்கிற இடத்தில் வெயிலே உள்ளே வராது. திரும்பி வந்தால் வீட்டுச் சாப்பாடு: மரவள்ளிக்கிழங்கு, கரிமீன், தேங்காய் அரைத்த குழம்பு. பிறகு தூங்கலாம்.

இது எல்லோருக்கும் ஒத்துவராது. கடல் பார்க்க ஆசைப்பட்டுப் போகிறவர்களுக்கு இது காயல், அலை கிடையாது. வள்ளத்தில் ஏறி இறங்குவது வயதானவர்களுக்குக் கஷ்டம். சாயங்காலம் கொசு கடிக்கும். இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே போய் ஒரு டீ குடிக்கலாம் என்றால் கடை இருக்காது. துறுதுறுவென்று இருக்கிற பிள்ளைகள் இரண்டாம் நாள் மதியமே 'அடுத்து எங்கே?' என்று கேட்டுவிடுவார்கள். இன்னொன்று, கார்த்திகை, மார்கழியில் வேலியேற்றம், அதாவது கடல் ஓதம், அதிகமாகும்போது தாழ்வான இடங்களில் வீட்டு வாசல்வரை உப்புத் தண்ணீர் வருகிறது. தாழ்ந்துகொண்டிருக்கும் இந்தத் தீவிலிருந்து பல குடும்பங்கள் வீட்டை விட்டே போயிருக்கின்றன. போகிறவர்கள் அந்த ஊர் மக்கள் நடத்தும் வீடுகளில் தங்கி, அவர்கள் வள்ளத்திலேயே போனால் நம்ம பணம் அங்கேயே நிற்கும்.

கல்யாணமான புதிதில் இருப்பவர்கள், எழுதுகிறவர்கள், ஆபீஸ் சத்தத்தில் காது புளித்துப்போனவர்கள், பிள்ளைகளை வளர்த்து அனுப்பிவிட்டு நடமாடும் தெம்போடு இருக்கும் தம்பதிகள், இவர்களுக்கு மன்றோ துருத்துக்கு மேல் ஒன்று சொல்ல மாட்டேன்.

ஃபோர்ட் கொச்சி எனக்குப் பிடித்த ஊர்தான். ஆனால் மதுரையிலிருந்து இரண்டு இரவுக்கு அதைக் கடைசியில்தான் வைப்பேன். முன்பு 49-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்ற ஒரே சாலைதான் கொச்சியில் கிளம்பி, மூணாறு, போடி, தேனி வழியாக மதுரையைத் தொட்டு, பாம்பனைத் தாண்டித் தனுஷ்கோடிப் பக்கம் போனது. நடுவில் நாம். ஆனால் கிழக்கே போகிற சாலை சமவெளி, மேற்கே போகிறது மலை. போடிமெட்டு வளைவுகள், மூணாறு நெரிசல், அடிமாலி இறக்கம் எல்லாம் தாண்டிக் காரில் போய்ச் சேரும்போது ஒரு பகல் முழுக்கப் போயிருக்கும். வரும்போது இன்னொரு பகல். மிஞ்சுவது நடுவில் ஒரு நாள். மூன்று இரவு கிடைத்தால் தாராளமாகப் போகலாம்.

நடக்கவும் சாப்பிடவும் வேடிக்கை பார்க்கவும் பிடித்தவர்களின் ஊர் அது. பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் கவிந்த தெருக்கள். வாஸ்கோ ட காமாவை 1524-இல் முதலில் புதைத்த புனித பிரான்சிஸ் தேவாலயம். மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூதர் ஜெபக்கூடம், அதைச் சுற்றி மிளகும் ஏலமும் மணக்கும் கடைகள். கரையில் சீன வலைகள்: கயிற்றில் கட்டித் தொங்கும் பெரிய கற்களின் பாரத்தில் நாலைந்து பேர் சேர்ந்து இழுக்க, வலை மெல்ல எழும்பி வரும். எர்ணாகுளத்திலிருந்து படகிலோ வாட்டர் மெட்ரோவிலோ வந்து இறங்குவதே பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வைப்பினுக்கு வண்டியோடு ஏற்றிச்செல்லும் ஜங்கார் இருக்கிறது, அக்கரையில் செராய் கடற்கரை குளிக்க நல்லது. ஃபோர்ட் கொச்சிக் கடற்கரை குறுகல், மழைக்காலத்தில் ஆகாயத்தாமரை வந்து ஒதுங்கிக் கிடக்கும். செலவும் மூன்றில் இங்கேதான் அதிகம்.

தீவு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு. கடலுக்குள் நீண்ட மணல்மேட்டின் மேல் தேவாலயம், ஒரு பக்கம் அலை, ஒரு பக்கம் கழிமுகம். தங்கும் வசதி குறைவு என்பதால் திருச்செந்தூரில் அறை எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் போய் வரலாம்.

பாட்டி, தாத்தா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையும் சேர்ந்து போகிற வீட்டுக்குப் பாம்பன் ஒன்றுதான் ஒத்துவரும். நேர் வழி, மலை ஏற்றம் இல்லை, வாந்தி இல்லை, மொழி நம்ம மொழி, திடீரென்று யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் நாலு மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். கார் இல்லாதவர்களுக்கும் சுளுவு. செலவைப் பார்த்தாலும், அமாவாசையைத் தவிர்த்துவிட்டால், இதுதான் மூன்றிலும் மலிவு.

போவது என்று முடிவானால் நாட்களை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். முதல் நாள் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டுத் தூங்கி, சாயங்காலம் குந்துகால். அன்றைக்குக் கோயில் வேண்டாம். இரண்டாம் நாள் காலை அரியமானில் குளியல், மதியம் ஓய்வு, சாயங்காலம் தரிசனமும் பிராகாரமும். தீர்த்தமாடுவதாக இருந்தால் இதையே திருப்பிப் போட்டுக் காலையில் கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடியை மூன்றாம் நாள் காலைக்கு ஒதுக்குங்கள். பெரும்பாலோர் பத்து மணிக்கு மேல் வெயிலில் போய், வண்டிகளுக்கு நடுவே நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். காலையில் வழி திறந்ததும் முதல் வண்டிகளில் போனால் இடிந்த தேவாலயச் சுவர்களுக்குப் பக்கத்தில் ஆளே இருக்காது. தை, மாசியில் உள்தண்ணீரில் பூநாரைகள் வந்து நிற்பதும் உண்டு. மாலையில் சீக்கிரமே வழியை அடைத்துவிடுவதால் சாயங்காலத்துக்கு அதை வைக்கவே வேண்டாம். ஒன்பது மணிக்குள் திரும்பினால் குளித்து, அறையைக் காலி செய்து, பாம்பனில் மீன் சாப்பாட்டை முடித்துக்கொண்டு சாயங்கால ரயிலைப் பிடிக்கலாம். ராமேஸ்வரத்திலேயே ஏறினால் ஜன்னலோரம் கிடைக்கும்.